கட்டம்போட்ட மணிப்பூ

சவப்பெட்டியின் காலடியில் குவிந்திருந்த பூங்கொத்துகளை ஔஸ்மா ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள். இறந்தவருக்கு இரட்டைப்படையில்தான் வைக்க வேண்டும். துலிப் சரியாக இருந்தது. நார்சிஸஸில் ஒன்று கூடுதல், உருவி எடுத்தாள். அடுத்த கொத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"அக்கா, இதப் பாரேன்."

வெல்தா பார்த்தாள். தலைகவிழ்ந்த ஊதா மணிகள், இதழ் முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள். ஒரு காலத்தில் அவள் கொல்லையில் வளர்த்த பூ. கட்டங்களை எண்ணிப் பார்ப்பது மகள் ஐனாவுக்கு விளையாட்டு. அது பூத்திருந்த ஒரு மே மாதத்தில்தான் ஒன்பது வயது ஐனா ஆற்றோடு போனாள். ஒரு கிழங்குகூட மிச்சமில்லாமல் தோண்டித் தூக்கி எறியச் சொன்னாள் வெல்தா. இப்போது பெட்டியில் கிடக்கும் கணவர் அர்வீத்ஸ்தான் தோண்டினார். "எறிஞ்சாச்சா?" என்று கேட்டதற்கு "ஆச்சு" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அதைப்பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இன்னொரு கொத்திலும் அதே பூ. மூன்றாவதிலும்.

வெல்தா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஜெபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது கொத்தைக் கொண்டுவந்த, பச்சைத் தலைத்துணி கட்டிய பெண்ணிடம் வெல்தா நேரே போனாள்.

"இது உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

அந்தப் பெண், மில்டா, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். "டிரைவர் அண்ணன் குடுத்ததுதாம்மா. அவர் ஓட்டுற பஸ்லயே சாக்கோட கொண்டுவந்தாரு. ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்கி, வீட்டுக்கு அஞ்சு கிழங்கு."

"அன்னைக்கு பஸ்ஸு ஒரு மணி நேரம் லேட்டு," என்றார் பின்னால் நின்ற நெட்டை மனிதர். "நான் கன்னாபின்னான்னு திட்டினேன். என் கையிலயும் அஞ்சைத் திணிச்சு வாயை அடைச்சுட்டாரு."

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

"என்ன சொல்லிக் குடுத்தாரு?"

"டவுன் சந்தைக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க, வீட்டுக்காரி கண்ணுல படக்கூடாதுன்னாரு." மில்டா குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு எடுத்துட்டு வரலாமா கூடாதான்னு நேத்தெல்லாம் போன்ல எங்களுக்குள்ள ஒரே சண்டை."

"இத்தனை வருஷமா இவகிட்ட மறைச்சு..." என்று ஆரம்பித்தாள் ஔஸ்மா.

"நீ சும்மா இருடி." வெல்தா மில்டாவை விடவில்லை. "எத்தனை ஸ்டாப்ல இருக்கு?"

"பதினேழு."

"இறங்கிப் பார்ப்பாரா?"

"ம்ஹூம். ஆனா மே மாசம் எங்க வேலி வந்தா பஸ்ஸு நடக்கற மாதிரி போகும். ரிட்டையர் ஆனப்பறமும் வருவாரு. டிக்கெட் எடுத்து, சன்னலோரமா உக்காந்து, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்புவாரு. போன வாரம்கூட வந்தாரே."

போன வாரம் பழைய டிரைவர்களோடு சீட்டாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயிச்சீங்களா என்று கேட்டாள். ஜெயிச்சேன் என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே தட்டுகளில் பட்டாணியும் பன்றிக்கறி வைத்த பன்னும் போய்க்கொண்டிருந்தன. வெல்தா மில்டாவின் முழங்கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"இங்கதான் இருந்துச்சு."

இப்போது அங்கே வெங்காயப் பாத்தி. பச்சைத் தாள்கள் விரல் நீளத்துக்கு வந்திருந்தன.

"எங்க வீட்டுல அஞ்சு இப்ப அம்பது ஆயிடுச்சு," என்றாள் மில்டா. "தாள் காயட்டும். ஜூலைல தோண்டிக் கொண்டுவர்றேன்."

வெல்தா பாத்தி ஓரமாகப் போய் நின்றாள்.

"எவ்வளவு ஆழத்துல வெக்கச் சொன்னாரு?"

"நாலு விரல்."

வெல்தா கறுப்புப் பாவாடையோடு மண்டியிட்டாள். நான்கு விரல்களையும் சேர்த்து மண்ணுக்குள் அழுத்தினாள். மேல்மண் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் இன்னும் குளிர் போகவில்லை. மில்டா வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெல்தா கையை எடுக்கவில்லை.