கட் சொல்லப்படாத வீடு

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி மாலை நாலு பத்துக்கு, ஐசலினில் இனாயத்துல்லாவின் வீட்டுக்குள் மனிதக் குரல் நின்றது. அந்தக் குடும்பத்தை வைத்து ஆவணப்படம் எடுக்க சான் ஹோசேயிலிருந்து வந்திருந்த மானஸா, கடைசி வேலையாக அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும் என்றாள். எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் போட அது தேவை. தான் கட் சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒலிப்பதிவாளர் சபரி ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கி, திரும்ப மாட்ட மறக்காமலிருக்க வேன் சாவியை உள்ளே தயிர் டப்பாவின் மேல் வைத்தான். நிமிடம் முடிந்ததும் சாவியை எடுத்தான், ப்ளக்கை மாட்டினான். மானஸாவுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கட் சொல்லாமல் போனாள்.

அதன்பின் ஃப்ரிட்ஜ் உறுமியது, குக்கர் விசிலடித்தது. மனிதர்கள் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. வாசல் மிதியடியைத் தாண்டினால் குரல் திரும்பியது. "ஏழு வருஷத்துல இப்பதான் வீடு அமைதியா இருக்கு" என்றான் இனாயத்துல்லா, வாசலில் நின்று. "உள்ள வாங்க, பதில் சொல்றேன்" என்றாள் அவன் பக்கத்தில் வெளியே நின்ற மனைவி லத்தீஃபா.

சிரிப்பு இரண்டு வாரம் தாங்கியது. மகள் மஹாவுக்குப் பதினாலு மாதம், பேச்சு வரும் பருவம். எத்தனை சொல் பேசுகிறாள் என்று நவம்பர் செக்கப்பில் டாக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை. பிப்ரவரியிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் ஏதோ நீளமாக எழுதிக்கொண்டார். காலையிலும் மாலையிலும் குழந்தையைக் காரில் வைத்து ஓக் ட்ரீ ரோட்டில் மேலும் கீழும் ஓட்டியபடி இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். லைட், பஸ், அம்மா, அத்தா. கார் ஸீட்டில் குழந்தை தூங்கிப்போனது.

லத்தீஃபா வீட்டுக்கு வெளியே டிரைவ்வேயில் நின்று பதினொரு முறை ஃபோன் செய்தாள். பன்னிரண்டாவது முறை மானஸா எடுத்தாள். லத்தீஃபா நடந்ததைச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை கட்னு சொல்லிடுங்க மேடம். ஸ்பீக்கர்ல போட்டு உள்ள எடுத்துட்டுப் போறேன்."

"இருங்க, இருங்க. உள்ள யாருக்குமே பேச்சு வரலையா? எதையும் மாத்தாதீங்க. ஃப்ரைடே வரேன்."

வெள்ளிக்கிழமை பெரிய கேமராவோடு வந்தாள். "ஷூட் முடியட்டும், சொல்லிடறேன்" என்று வாசலிலேயே வாக்குக் கொடுத்தாள். அந்த வீட்டுக்குள் அவள் குரல் மட்டும் எழும்பியது. அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சோஃபாவை நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினார்கள். குழந்தையை ஜன்னலோரம் உட்கார வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் கையை மட்டும் உயர்த்தினாள்.

மூன்றாவது மணி நேரத்தில் மஹா அப்பனைப் பார்த்தாள். நாக்கு பல்லைத் தொட்டு விலகியது. சத்தமில்லாமல் இரண்டு முறை அத்தா என்றாள். இனாயத்துல்லா தரையில் மண்டியிட்டான். லத்தீஃபா குழந்தையை வாரிக்கொண்டு மிதியடியைத் தாண்டி ஓடினாள். வெளியே மார்ச் மாதக் குளிர். மஹா வாயை மூடிக்கொண்டு, எதிர்வீட்டு மரத்தில் ஓடிய அணிலைப் பார்த்தாள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். குழந்தையின் மூக்கு சிவந்ததும் உள்ளே வந்தார்கள்.

மானஸா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஃபோகஸ் கொஞ்சம் அவுட் ஆயிடுச்சு லத்தீஃபா. பாப்பாவை இன்னொரு தடவை அதையே சொல்ல வைக்க முடியுமா?"