ரொவீனாவின் அம்மாவை நான் தூக்கிய கதை

நான் ஒரு பொய் சொன்னேன். ஐம்பத்தைந்து வயதில், வேலை செய்கிற இடத்தில், நாற்பது பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் சொன்னேன். அது பொய் என்று தெரிந்த ஒரேயொரு ஆள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவள் வாயைத் திறந்தால் என் கதை அன்றோடு சரி என்று நினைத்தேன். அவள் திறந்தாள். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

என் பெயர் சிவமலர். மொன்றியலில் லாசால் பக்கம் இருக்கிறேன். நோத்ர-டாம்-த-கிரேசில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு வாயில் தீத்துவது, கண்ணை மூடிவிட்டால் உடம்பைத் துடைத்துத் துணி போர்த்துவது எல்லாம் எங்கள் கையால்தான். எங்கள் என்றால் நானும் ரொவீனாவும். அவள் பிலிப்பைன்சின் வடக்கு மலையில், இஃபுகாவோ என்கிற பழங்குடியில் பிறந்தவள். பதினாறு வருடமாக ஒரே மாடியில் ஒரே நேர வேலை. நாங்கள் பேசுவது பாதி இங்கிலிஷ், பாதி பிரெஞ்சு. ஆனால் அவள் பேசியது என் மனதில் தமிழில்தான் கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவள் எனக்கு யார் என்பதற்கு இரண்டு விஷயம் சொன்னால் போதும். என் அம்மா யாழ்ப்பாணத்தில் செத்தபோது செத்தவீட்டை நான் உடுப்பு மாற்றும் அறையில் இருந்து ஃபோனில்தான் பார்த்தேன். இரண்டு மணித்தியாலமும் எனக்காக ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ரொவீனா. பிறகு எனக்கு மாதவிடாய் நிற்கிற காலம் வந்தது. திடீர் திடீரென்று உடம்பு நெருப்பாய் எரியும். அவள் என்னைச் சமையலறையின் குளிர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் பிடரியில் ஐஸ் பையை வைப்பாள். "இன்னும் கொஞ்சம் நிண்டாயெண்டால் உன்னைக் கோழியோட சேத்துச் சமைச்சுப் போடுவினம்" என்று பகிடி வேறு விடுவாள். அதெல்லாம் முடிந்து நாலு வருடமாகிறது. இதை நினைவில் வைத்திருங்கள்.

ஊரைக் காட்டு, ஊரைக் காட்டு என்று அவளைப் பல வருடமாக அரித்தது நான்தான். கோயிலில் மற்றப் பெண்கள் கடற்கரை ஹோட்டலில் கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த படங்களைக் காட்டுவார்கள். நான் அப்படிப்பட்ட ஆளில்லை, எனக்குப் பண்பாடுதான் முக்கியம் என்று ஒரு எடுப்பு. கடைசியில் ரொவீனா கேட்டாள்.

"பெப்ரவரியில போறன். அம்மாவை எடுக்கப் போறம். வாறியோ?"

அம்மாவை எடுப்பது என்றால், புதைத்துப் பல வருடத்துக்குப் பிறகு கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்துத் துடைத்து, புதிதாக நெய்த போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது. இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, பன்றி அடித்து, சொந்தம் எல்லாம் கூடிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். ரொவீனா தாயின் அடக்கத்துக்குப் போகவில்லை. அப்போது, எங்கள் இல்லத்துக்கு வருவதற்கு முன், அவள் மொன்றியலில் ஒரு வீட்டில் தங்கிப் பிள்ளை பார்த்தாள்; விசா அலுவல் முடியாமல் வெளியே போனால் திரும்பி வர ஏலாது. ஆகவே தாயைத் தொட அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு தடவைதான். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போய் என் மனுசன் அரியரத்தினத்திடம், "அந்தச் சடங்கையும் பாக்கலாம்" என்றேன். ஏதோ கோட்டை, கோயில், மலை என்கிற பட்டியலில் இன்னொன்று மாதிரி.

மணிலாவில் நானும் ரொவீனாவும் மதில் சூழ்ந்த பழைய நகரத்தைப் பார்த்தோம். நானூறு வருடத்துக் கல் தேவாலயத்தில் நின்று படம் எடுத்தேன். பிறகு பஸ்ஸில் மலைக்குப் போனோம். விடியும்போது கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து மேகம் வரைக்கும் படிப்படியாக வயல். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நின்று வானத்தைக் காட்டியது. கல்லை அடுக்கிக் கையாலேயே கட்டிய வரம்புகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையையும் ஃபோனில் எடுத்துக் கோயில் குழுமத்துக்கு அனுப்பினேன்.

ரொவீனாவின் ஊருக்கு ஜீப்பில் போய், அதற்கும் மேலே ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். அவர்களுடைய பழைய வீடு நாலு மரத்தூணில் நிற்கிறது. கூரை, முழங்கால்வரை இறங்கிய தொப்பி மாதிரி. ஏறுவதற்கு ஒரு மர ஏணி. அந்த வீட்டுச் சனம் என்னை வைத்துக் கும்பிடாத குறை. கோழி, சோறு, அரிசிக் கள், படுக்க நல்ல போர்வை. ரொவீனா என்னை எல்லாரிடமும் கூட்டிக்கொண்டு போய், "மொன்றியலில என்ர சகோதரி" என்றுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலிஷில் சொன்னாள், எனக்கும் விளங்கட்டும் என்று.

அடுத்த நாள் காலை கல்லறையைத் திறந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று வீடியோ எடுத்தேன். ரொவீனா அழவில்லை. ஒவ்வொரு எலும்பாகத் துடைத்தாள், நாங்கள் கிழவிகளுக்கு விரல் விரலாகத் துடைப்போமே, அந்தப் பதனத்தோடு. சிவப்புக் கரை போட்ட போர்வையில் சுற்றிக் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரம்பு வழியே நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

ஏணியடிக்கு வந்ததும் நின்றாள். செங்குத்தான ஏணி, இரண்டு கையாலும் பிடிக்காமல் ஏற முடியாது. பக்கத்தில் மச்சாள்மார் மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மலர், ஒருக்காப் பிடி. நான் ஏறிப்போட்டு வாங்கிறன்."

நான் இரண்டு அடி பின்னால் போனேன். யோசித்துப் போகவில்லை; கால் தானாகப் போனது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. எடுத்துக்கொண்டிருந்த வீடியோவில் அதற்குப் பிறகு சேறும் என் செருப்பும்தான் தெரிந்தன. என் குரல் மட்டும் கேட்டது. "ஸொறி, ஸொறி, எனக்கு மாதத் துடக்கு. தொடக்கூடாது."

மாதவிடாய் நின்று நாலு வருடம்! யாரிடம் சொல்கிறேன்? பிடரியில் ஐஸ் வைத்தவளிடம். உலகத்தில் வேறு எந்தப் பொய்யும் எனக்கு அகப்படவில்லை.

ரொவீனா என்னை ஒரு கணம் பார்த்தாள். "ஓ. சரி" என்றாள். மூத்த மச்சாளிடம் தாயைக் கொடுத்தாள். ஏறினாள். வாங்கினாள். அவர்களுடைய பாஷையில் கீழே நின்றவர்களுக்கு ஏதோ சொன்னாள். அவர்கள் என்னைப் பரிவோடு பார்த்து, இருக்க ஒரு பலகை கொண்டுவந்து போட்டார்கள்.

அன்று பின்னேரம் நான் குழாயடியில் தலைக்குத் தோய்ந்தேன், உடுத்த உடுப்பையும் தோய்த்தேன். பிறகு சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி அரியரத்தினத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஏன் சொன்னேன்? அவராவது என்னை ஏசட்டும் என்றுதான்.

"நல்ல வேலை செய்தீர்" என்றார். "தோய்ஞ்சீரோ?"

"ஓம்."

"அதுகள் ஏதோ காட்டுச் சனம். எலும்பு தூக்கிறது எங்கட ஆக்கள் செய்யிற வேலையே?"

எனக்குக் காது சுட்டது. அவர் சொன்னது ஒன்றும் புதிதல்ல; ஏணியடியில் என் காலைப் பின்னுக்கு இழுத்தது அதேதான். எங்கள் ஊரில் செத்தவீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாதியை வைத்திருந்தோம். பறை அடிக்க ஒரு ஆள், வெள்ளைத் துணி கட்ட ஒரு ஆள், சுடலையில் நிற்க ஒரு ஆள். அவர்களை முற்றத்தோடு நிறுத்தினோம். நான் மொன்றியலுக்கு வந்து, வெள்ளைக்காரரின் மலம் அள்ளி, பிள்ளைகளைப் படிப்பித்து, அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். சகோதரி என்று சொன்னவளின் அம்மா என் கைக்குக் கிட்ட வந்ததும் அது உள்ளேயிருந்து எழும்பி நின்றது. நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. வீடியோவை மணிலா விமான நிலையத்தில் அழித்தேன்.

திரும்பி வந்தபின் ரொவீனா ஒன்றும் கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. என்னோடு ஆட்களைத் தூக்கினாள், புரட்டினாள், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணினாள். ஆனால் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கை விடுவதை நிறுத்திவிட்டாள். பதினாறு வருடமாகக் கேட்காமல் என் புட்டில் பாதியை அள்ளித் தின்றவள், இப்போது "சாப்பிட்டிட்டன்" என்று வேறு மேசையில் போய் இருந்தாள். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வசனம் அடுக்கினேன். இறங்கியதும் நேரே உடுப்பு மாற்றப் போய்விடுவேன்.

மே மாதம் இல்லத்தில் பண்பாட்டு வாரம் வந்தது. நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான பெண் எங்கள் இருவரையும் பிடித்துவிட்டாள். படம் காட்டுங்கள், பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். ரொவீனா மறுக்காததால் நானும் மறுக்கவில்லை. சக்கர நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள், பின்னால் வேலையாட்கள். ரொவீனா வயல்களைப் பற்றிச் சொன்னாள், பிறகு தன் தாயை எடுத்ததைச் சொன்னாள். அடக்கத்துக்குப் போகாததையும் சொன்னாள். மூக்குத் துடைக்கிற சத்தம் கேட்டது.

முன்னால் இருந்த மடாம் லப்ளோண்ட் என்னைப் பார்த்தார். தொண்ணூற்றொரு வயது, காது மந்தம், ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. "நீங்கள்? நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

எல்லாக் கண்களும் என் மேல். எல்லாம் ஈரமான கண்கள், என்னை நல்லவள் என்று ஏற்கனவே முடிவு கட்டிவிட்ட கண்கள். அப்படி ஒருத்தியாக அரை நிமிடமாவது இருந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

"நான் அவவின்ர அம்மாவைத் தூக்கினனான்" என்றேன். "ஏணியடியில. இந்தக் கையால."

பக்கத்தில் ரொவீனா அசைந்தது தெரிந்தது. நான் திரும்பவில்லை. அவள் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"ஓம்" என்றாள். "மலர்தான் தூக்கினவ."

கை தட்டினார்கள்.

உடுப்பு மாற்றும் அறைக்குள் அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"ரொவீனா, நீ எனக்காக அப்பிடிச் சொல்லியிருக்கத் தேவையில்லை."

"உனக்காகவோ?" நிமிர்ந்து பார்த்தாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "கடைசி வரிசையில ஆர் நிண்டவை எண்டு பாத்தனியோ? ஜோவ்லினும் மற்ற ரெண்டு பேரும். எங்கட நாட்டுப் பிள்ளையள். நான் சகோதரி எண்டு கூட்டிக்கொண்டு போனவள் என்ர அம்மாவைத் தொடமாட்டன் எண்டு பின்னால போனவள். அது அவைக்குத் தெரியக்கூடாது. ஊரிலயும் மச்சாள்மாருக்கு, உனக்கு முழங்கால் ஏலாது, விழுத்திப்போடுவாய் எண்டுதான் சொன்னனான். அம்மாவை அவமானப்படுத்த விடமாட்டன்."

"நான் போய் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லுறன்."

"சொன்னால் உன்ர மனம் ஆறும். என்ர அம்மாவுக்கு?" மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். "சொல்லாதை."

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கார்த்திகையில அறுபத்திரண்டாம் அறை ஐயா செத்தவுடன நீயும் நானும்தானே துடைச்சனாங்கள்" என்றாள். "அப்ப நீ பின்னால போகேல்லையே?"

"அப்ப கையுறை போட்டிருந்தனான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவள் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஜோவ்லின் உள்ளே வந்தாள். இருபத்தாறு வயது, வேலைக்கு வந்து ஒரு வருடம்தான். அழுதழுது கண் வீங்கியிருந்தது. நேராக என்னிடம் வந்து என் வலது கையை எடுத்தாள். குனிந்து புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றினாள். அவர்கள் நாட்டில் பெரியவர்களுக்கு அப்படித்தான் மரியாதை செய்வார்கள். நெற்றி சுட்டது. கையை இழுத்துக்கொள்ளத் துடித்தேன். ரொவீனா பார்த்துக்கொண்டிருந்தாள். இழுக்கவில்லை.

"என்ர அம்மா போன வரியம் செத்தவ, அன்ரி. நானும் போகேல்லை" என்றாள் ஜோவ்லின். கையை விடாமலே கேட்டாள். "ரொவீனா அன்ரியின்ர அம்மா பாரமா இருந்தவவோ?"

நான் ரொவீனாவைப் பார்த்தேன். எவ்வளவு பாரம் என்று அவளுக்குத் தெரியும். என் பதிலுக்காக அவளும் காத்துக்கொண்டு நின்றாள்.

"பாரமில்லை பிள்ளை" என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.