சீட்டில்லாத பிள்ளை

மழை பொய்த்துப்போன அறுபத்தாறாம் வருஷம், நல்லம்பள்ளிக்கு மூன்று மைல் உள்ளே இருந்த மிஷனில் பால் ஊற்றுகிற வேலை ரோசம்மாளுக்கு வந்தது. முப்பத்திரண்டு வயசு விதவை, பிள்ளைகுட்டி இல்லை, கன்னியர் மடத்துச் சமையல்கட்டே கதி என்று கிடந்தவள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அந்தக் குணத்துக்காகவே மடத்துத் தலைவி மதர் அவளைக் கூப்பிட்டு அகப்பையைக் கையில் கொடுத்தார். வேறு யாரிடமாவது கொடுத்தால் அத்தை மகளுக்கு ஒன்று, அண்டை வீட்டுக்கு ஒன்று என்று அண்டா அரைமணியில் காலியாகிவிடும் என்பது மதருக்குத் தெரியாதா என்ன.

கப்பலில் வந்த பால்மாவு. வெந்நீரில் கரைத்து, பிள்ளைக்கு ஓர் அகப்பை வீதம் ஊற்ற வேண்டும். சாதி, மதம் பார்ப்பதில்லை. மதர் பேர் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் பார்ப்பார்கள். சீட்டில்லாத ஒருத்திக்கு இன்றைக்கு ஊற்றினால் நாளைக்கு ஐம்பது பேர் வந்து நிற்பார்கள், கடைசியில் ஒருத்தருக்கும் இல்லாமல் போகும் என்று மதர் சொல்லியிருந்தார். அதில் நியாயம் இருந்தது. அநியாயமான உத்தரவாக இருந்திருந்தால் ரோசம்மாளுக்குப் பின்னால் இத்தனை கஷ்டம் வந்திருக்காது.

செல்லி வந்தது ஒரு வியாழக்கிழமை. குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தவள், ஊரில் சீட்டு எழுதி முடித்த பிறகு திரும்பியிருந்தாள். இடுப்பில் இரண்டு வயசுப் பையன், கையில் பால் வாங்க ஓர் அலுமினியப் போசி. வரிசையின் கடைசியில் நின்று, எல்லோரும் நகர்ந்த பிறகு முன்னால் வந்தாள்.

"சீட்டு இருக்குதா?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

"இல்லீங்கம்மா. நேத்துதானுங்க ஊருக்கு வந்தம்."

"அப்ப திங்கக்கெழம வாம்மா. மதர் பேரு எழுதிக்குவாங்க."

"திங்கக்கெழம வர்றனுங்க. இன்னிக்கி இவனுக்கு மட்டும் ஒரு வாய் ஊத்துங்க. மூணு நாளா வெறும் தண்ணிதான் குடிக்கறான்."

அண்டாவின் அடியில் இரண்டு அகப்பைப் பால் மிச்சம் இருந்தது. மிஞ்சினால் பன்றித் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும், எடுத்து வைத்தால் புளித்துப்போய்ப் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும் என்பதும் மதர் உத்தரவுதான். ரோசம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓர் ஈ காக்கை இல்லை. யாரும் பார்க்காதபோது கீழ்ப்படிவதே உண்மையான கீழ்ப்படிதல் என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அவள் அண்டாவைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் சாய்த்தாள். தாயும் பிள்ளையும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பையன் அழவில்லை. பால் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, செல்லியின் புருஷன் மாரப்பன் தோளில் மண்வெட்டியோடும் கையில் ஒரு துணி மூட்டையோடும் ஏரிக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். சின்ன மூட்டை. யாரையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே ரோசம்மாள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மண்டியிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மதர் சொன்னதைத்தான செஞ்ச?" என்று கேட்டார் சாமியார்.

"ஆமாங்க சாமி."

"பெரியவங்களுக்குக் கீழ்ப்படியறது புண்ணியம். அதுல பாவம் எங்க இருக்குது? பஞ்சத்துல எத்தனையோ பிள்ளைங்க சாகுது. வேற பாவம் இருந்தா சொல்லு ரோசம்மா."

சமையல்கட்டில் கோபப்பட்டதைச் சொன்னாள். அதற்கு மூன்று மந்திரம் அபராதமாகக் கிடைத்தது. பாவப்பொறுத்தலும் கிடைத்தது, கோபத்துக்கு.

அவர் மாற்றலாகிப் போனார், இன்னொருவர் வந்தார். அவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் கொஞ்சம் சலித்துக்கொண்டே சொன்னார். பாவம் என்றால் பொறுத்தல் உண்டு. பாவமே இல்லை, எழுந்து போ என்றால் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? ரோசம்மாள் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்தாள்.

அந்தப் பிள்ளையும் அவளை விடவில்லை. நல்ல வெயிலில், கடைசி ஆள் போசியை வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகும் அண்டாவுக்கு முன்னால் யாரோ நிற்பார்கள். நிமிர்ந்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள், குனிந்தால் நிற்பார்கள். பால் ஊற்றுவது நின்று அண்டாவைப் பரணில் ஏற்றிய பிறகு, அவன் கோயிலுக்கு வர ஆரம்பித்தான். பூசையில் நன்மை வாங்கப் போகும்போது அவள் வேண்டுமென்றே கடைசியாகப் போவாள். அவளுக்கும் பின்னால் ஒருவன் நிற்பான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை. அவனுக்காகப் பூசை வைக்கச் சொல்லலாம் என்றால் பெயர்கூடத் தெரியாது. அப்பத்தை நாக்கில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவன் தன் வாயைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றும். முழுங்க முடியாமல் முழுங்குவாள்.

செல்லி வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் போக ஆரம்பித்தது இதனால்தான். அன்றைக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து, வாரமெல்லாம் தன் பங்கில் மிச்சம் பிடித்த அரிசியையும் ராகி மாவையும் மூட்டை கட்டி எடுத்துப் போவாள். மிஷனில் கொடுத்தார்கள் என்று சொல்லிக் கொடுப்பாள். மிஷன் ஒரு மண்ணும் கொடுக்கவில்லை. பாலைச் சாய்த்தவள் இவள்தான் என்று செல்லி காட்டிக்கொள்ளவில்லை; அடையாளம் தெரியவில்லைபோல என்று ரோசம்மாள் நினைத்துக்கொண்டாள். மாரப்பன் ஒகேனக்கல் பக்கம் பரிசல் தள்ளப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். செல்லிக்கு ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது, தீர்த்தம்மாள் என்று பேர். அந்த மூட்டையில்தான் அது வளர்ந்தது.

இது போதாதென்று ஊரில் யாருக்குப் பேறுகாலம், யாருக்குச் சீழ்ப்புண் என்று தேடிப்போய்ச் செய்தாள். ரோசம்மா செத்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டாள், நேரே மோட்சம்தான் என்று ஊர் பேசியது. அதைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

எழுபத்துநாலில், தவக்காலத்தில், தியானப் பிரசங்கம் செய்யச் சேலத்திலிருந்து ஓர் இளம் சாமியார் வந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காதவர் மோட்சத்தைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார் என்று கிழங்கள் முணுமுணுத்தன. கீழ்ப்படிதலும் நற்கிரியையும் மோட்சத்துக்கு ஏறுகிற ஏணி இல்லை என்றார் அவர். இரட்சிப்பு சும்மா கிடைக்கிற கொடை; கொடை வாங்கியவன் கை மற்றவனுக்குக் கொடுக்காமல் சும்மா இருக்காது, அவ்வளவுதான் என்றார். ரோசம்மாளுக்குப் பாதி புரிந்தது. மனுஷன் முகம் பிடித்திருந்தது. எதற்கும் சொல்லிப் பார்ப்போம் என்று மண்டியிட்டாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"பாவம்தாம்மா," என்றார் அவர். "உத்தரவு மதரோடதா இருக்கலாம். சாய்ச்சது உங்க கை. அந்தப் பிள்ளை உங்களைப் பாத்துச்சு, நீங்களும் அதைப் பாத்தீங்க. பாவம்தான்."

ரோசம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். சந்தோஷத்தில் அழுதாள். எட்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்தரும் தரவில்லை. அவர் பாவப்பொறுத்தல் கொடுத்தார். அபராதமாக மந்திரம் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாயிடம் போய் நேரே சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இதுவும் உத்தரவுதான். இதற்குக் கீழ்ப்படிய அவளுக்குக் கால் வரவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை மூட்டையோடு போய், செல்லி குடிசைக்கு முன்னால் நின்றுகொண்டே, அன்றைக்குப் பாலைத் தொட்டியில் சாய்த்தவள் தான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள். செல்லி ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"தெரியுங்கக்கா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத நாளு மூட்டைய நீட்டனீங்களே, அன்னிக்கே தெரியும். அந்தக் கைய எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சும் எதுக்கு வாங்கன?"

"பசிச்சுதுங்க."

ரோசம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள், "அவன் பேரு என்ன செல்லி?"

"பெரியண்ணன். வூட்டுக்கு மூத்தவன்னு வெச்சது."

"என்னை மன்னிச்சிரு செல்லி."

இப்போது முறம் நின்றது. செல்லி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அது முடியாதுங்கக்கா. அதைக் குடுத்துட்டா நீங்க அப்பறம் வரமாட்டீங்க."

"ஆண்டவர் ஆணையா வருவன்."

"வருவீங்க. மனசு லேசானவங்க ரெண்டு வாரம் வருவாங்க. எம் புள்ளைக்கு ஆறு வயசுதானுங்க ஆவுது."

ரோசம்மாளுக்குச் சுருக்கென்றது. என்ன இவள் இப்படிப் பேசுகிறாள் என்றுகூட வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள். போகட்டும், மனுஷி மன்னிக்கவில்லை, கடவுள் மன்னித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கப் போனபோது பின்னால் ஒருவரும் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர்தான் இருந்தது. அப்பம் தொண்டையில் தடங்கலில்லாமல் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வரவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போனாள். அதற்கடுத்ததும் போனாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை வருவதற்குள் பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் முடிந்திருந்தது; அன்றைக்கு மடத்தில் கத்திரிக்காய்க் குழம்பு. ரோசம்மாள் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள், ருசித்துச் சாப்பிட்டாள். முந்தானையை விரித்துப் படுத்தாள். எட்டு வருஷத்தில் வராத தூக்கம் அப்படியே அமுக்கிக்கொண்டு வந்தது. விழித்தபோது வெயில் சுவரேறிவிட்டது. யாரோ பக்கத்தில் நாளை சனிக்கிழமை, தேவாலயம் கூட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும்தான் இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு உறைத்தது.

கையில் அகப்பட்ட அரிசியைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. குடிசையில் அடுப்புப் புகை இல்லை. தீர்த்தம்மாள் வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். வந்தவளின் கையைப் பார்த்தாள்.

செல்லி வெளியே வந்தாள். "ரெண்டு வாரம்னு சொன்னன்," என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, மழை வரும் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ரோசம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிராத செல்லி," என்றாள். "நான் எத்தன அழுது கேட்டாலும், சாகக் கெடந்து கேட்டாலும் என்னை மன்னிச்சிராத."

"சரிங்கக்கா," என்றாள் செல்லி. அரிசியை வாங்கிக்கொண்டு அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.