உங்கை பார்!

விருந்துகளில் வாகீசன் இந்தக் கதையைத் தொடங்கினால், எல்லோரும் சிரிக்கும் இடத்தோடு நிறுத்திவிடுவான். கௌஷிக் விடமாட்டான். சிரிப்பு அடங்கும்வரை தட்டைப் பிடித்தபடி காத்திருந்து, மீதியைத் தானே சொல்லி முடிப்பான். ஆறு வருடம் ஆகியும் அவனுக்கு அந்த மீதிதான் கதை.

அப்போது அவன் டொராண்டோவின் டோர்செட் பார்க் பகுதியில் பதினோராவது மாடியில் குடியிருந்தான். வயது இருபத்தாறு. மணப்பாறையில் படித்து, வேலைக்காக அங்கே வந்தவன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் வாகீசன், ஸ்காபரோவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இருவரும் ஒன்றாகத் தேர்வு எழுதித்தான் வேட்டை உரிமம் எடுத்தார்கள். வாகீசனுக்கு முதல் வருடமே மான் கிடைத்தது. கௌஷிக் இரண்டு வருடம் வெறுங்கையோடு திரும்பினான். மூன்றாவது முறை புறப்படும்போது, மனைவி ஸ்ரீதேவி வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லேன்னா அந்தத் துப்பாக்கிய வித்துடணும். இருக்கறது ஒரு ரூம், அதுல அதுக்கு ஒரு இரும்புப் பெட்டி வேற."

"சரி, வித்துடறேன்" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே, மான் வேட்டைப் பருவத்தின் கடைசி நாள். இன்னும் இரண்டு மணி நேர வெளிச்சம்தான் பாக்கி. பள்ளத்தின் இந்தப் பக்கம் கௌஷிக். எதிர்ச் சரிவில் தொலைநோக்கியோடு வாகீசன். காதில் செருகியிருந்த வோக்கி-டோக்கி கிசுகிசுத்தது.

"மச்சான், உங்கை பார். உங்கை!"

யாழ்ப்பாணத்தில் 'உங்கை' என்றால் 'நீ இருக்கிற அந்தப் பக்கம்' என்று பொருள். மணப்பாறைக் காதில் அது 'உன் கை' என்று விழுந்தது. கௌஷிக் குனிந்து தன் கையைப் பார்த்தான். தடித்த கம்பளி உறை. போன வருடம் அந்த உறையோடு விசையைத் தடவித் தடவியே மானைக் கோட்டைவிட்டிருந்தான். பயல் கவனித்திருக்கிறானே என்று மெச்சியபடி, பல்லால் கடித்து உறையை மெல்லக் கழற்றினான்.

"விசரா, என்ன செய்யிறாய்? மான்! இடப்பக்கம்! கொம்பு கிடக்கு!"

நிமிர்ந்தான். முப்பது மீட்டர் தள்ளி நின்றது. அவன் குனிந்து கிடந்த நேரத்தில் அது பயம் தெளிந்து மேயத் தொடங்கியிருந்தது. வெறும் விரல் விசையில் சரியாக அமர்ந்தது. மூச்சை விட்டான். சுட்டான்.

வாகீசனின் கதை இங்கே முடியும். ஆனால் மான் விழவில்லை. துள்ளிப் பாய்ந்து மரங்களுக்குள் மறைந்தது.

வாகீசன் ஓடிவந்து சேர்ந்தபோது பனி தூவத் தொடங்கியிருந்தது. இலைகளில் நாலைந்து சொட்டு ரத்தம்.

"பனி மூடப்போகுது மச்சான். இப்பவே ஓடுவம்."

"நாம ஓடினா அதுவும் ஓடும். அரை மணி நேரம் விடணும். சொல்லித்தான குடுத்தாங்க?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றான். அரை மணி ஆனதும் மண்டியிட்டான். சொட்டு கண்ட இடத்திலெல்லாம் அடையாளத்துக்குக் கிளையில் ஒரு ரிப்பன் கட்டினான். பதினேழு ரிப்பன் கட்டியாயிற்று. அதற்கப்பால் வெள்ளைப் பனிதான்.

"காணேல்லை. இருட்டப்போகுது, விடு. அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருஷம் துப்பாக்கியே இருக்காதுடா."

"ஸ்ரீதேவி அன்ரியிட்ட நான் கதைக்கிறன்."

"அவளுக்கு நீ அன்ரின்னு சொன்னது தெரிஞ்சா உன்னச் சுடுவா" என்றான் கௌஷிக், தலை நிமிராமல். பிறகு, "அதுக்காக இல்லடா. சுட்டவன் நான். அது எங்கயோ கெடந்து சாகறது, நான் போய்த் தூங்கறதா?"

கடைசி ரிப்பனை நடுவாக வைத்து வட்டமாக நடந்தான். பிறகு அதைவிடப் பெரிய வட்டம். முழங்கால் இரண்டும் நனைந்து விறைத்தன. மூன்றாவது வட்டத்தில், பனி எட்டாத ஒரு வேருக்கடியில், ஒரே ஒரு சொட்டு. அங்கிருந்து பத்தடியில் விழுந்துகிடந்த மரம். அதற்கு அந்தப் பக்கம் மான்.

நீளக் குச்சியால் அதன் கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்தான். இமைக்கவில்லை. குச்சியைக் கீழே போட்டான்.

"படம் எடுக்கட்டோ?" என்றான் வாகீசன், தாழ்ந்த குரலில்.

"அப்புறம். மொதல்ல காலப் பிடி."

குடலை எடுத்து, கொம்பில் கயிறு கட்டி, வண்டிவரை இழுத்தார்கள். வழியில் நாலு தரம் நின்று இளைப்பாறினார்கள். ஒரு தரம்கூட கௌஷிக் கயிற்றைக் கையிலிருந்து விடவில்லை.