பத்து நிமிடம் ஓடும் மிஷின்

சோலைமலை அன்று காலையில் நான்காவது தடவையாகக் கயிற்றை இழுத்தார். புல் வெட்டும் மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. கிளம்பவே கிளம்பாத மிஷினாக இருந்தால் இன்ன கோளாறு என்று சொல்லிவிடலாம். இதுவோ கிளம்பும், பத்து நிமிடம் நல்ல பிள்ளையாக ஓடும், பிறகு இருமித் திணறி நின்றுபோகும். கால் மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே கூத்துத்தான். இன்றைக்கு வெள்ளி.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாப் புல்தரையில் இன்னும் முக்கால் பாகம் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்தை நடத்தும் துரை நேற்று வாசல்படியில் நின்றபடியே தன்னுடைய அரைகுறைத் தமிழில் முடிவைச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குள்ள புல் வெட்டு. முடியல்லியா, வேற ஆள் போடுறேன். நீ மலைக்குப் போ."

மலை என்றால் கவ்வாத்து மலை. நெட்டுக்குத்தாக நிற்கும் சரிவில் கத்தியோடு ஏறி, தேயிலைச் செடியை வெட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு கொட்டும் மழையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்ததிலிருந்து சோலைமலையின் வலது முழங்கால் அவர் சொன்னபடி கேட்பதில்லை. சரிவில் பத்தடி ஏறினால் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவனுக்கு எந்தக் கங்காணி அன்றைய கூலிக்குப் பேர் போடுவான்? பங்களாத் தோட்டம் சமதரை. அந்தச் சமதரையில்தான் அவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நேற்று முழுக்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மிஷின் வயிற்றிலிருந்த கறுத்த ஓயிலை வடித்துவிட்டுப் புது ஓயில் ஊற்றினார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி வைத்துப் பூட்டினார். காற்று வடிகட்டும் பஞ்சைச் சவர்க்காரத்தில் அலசிக் காயவைத்தார். பெட்ரோல் வரும் குழாயை ஊதிப் பார்த்தார், காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் துடைத்து மாட்டினார். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை பார்த்ததில்லை என்று அவர் மனைவி வீரம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அவளுக்கும் பயம்தான்.

மிஷின் இருமியது. திணறியது. நின்றது.

சோலைமலை அதன் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூடத் தெம்பு இல்லை. பள்ளத்தில் பனிமூட்டம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு மழை வந்துவிடும். மழை வந்தால் புல் ஈரமாகி, கத்தியில் களியாக ஒட்டிக்கொள்ளும்.

"என்னண்ணே, மிஷினுக்குக் காவல் இருக்கீங்களா?"

தோட்டத்து லாரி ஓட்டும் சிறில். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்பில் இறக்கிவிட்டு ராத்திரிதான் திரும்பியிருந்தான். துரைக்கு வந்த கடிதக் கட்டைக் கொடுத்துவிட்டு வருகிறான்.

"நீ வேற, தம்பி. செவ்வாக்கெழமையிலருந்து பத்து நிமிசம் ஓடுது, படுத்துக்குது. பாக்காத வைத்தியமில்ல."

"நம்ம கணக்கப்புள்ள மாதிரியேதான்." சிறில் குந்தினான். "பெட்ரோல் இருக்கா?"

"காலையிலதான் ரொப்பினேன். அதை எதுக்குத் தொறக்கிற?"

சிறில் அதற்குள் டாங்கி மூடியைத் திருகிவிட்டான். உஸ்ஸென்று ஒரு சத்தம். தாகத்தில் கிடந்தவன் காற்றை இழுத்துக் குடித்த மாதிரி இருந்தது. சிறில் சோலைமலையைப் பார்த்தான், மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நகத்தால் அதன் மேல்பக்கத்தைச் சுரண்டினான். புழுதியோடு மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது.

"இது என்னண்ணே?"

"சந்தனம்" என்றார் சோலைமலை. "ஆயுத பூசைக்கு வச்சது."

போன வாரம் சாமான் அறையில் மண்வெட்டி, கத்தரிக்கோல், அலவாங்கு எல்லாவற்றையும் கழுவி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் பொட்டு வைத்தவர், மிஷினுக்கு மட்டும் மூன்று விரல் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தார். டாங்கி மூடிதான் அதற்கு நெற்றி என்று அவருக்குப் பட்டது. தன் வீட்டுக்குச் சோறு போடுகிற நெற்றி. நடுவில் குங்குமமும் வைத்தார்.

"அண்ணே, இந்த மூடியில ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் கீழ எறங்க எறங்க அது வழியாத்தான் உள்ள காத்துப் போகணும். காத்துப் போகலைன்னா பெட்ரோல் எறங்காது. நீங்க அது மூக்கைப் பொத்திட்டு, நாலு நாளா நெஞ்சுல தைலம் தேச்சிருக்கீங்க!"

சொல்லி முடிப்பதற்குள் சிறிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, புல்லிலேயே சாய்ந்துவிட்டான். "எங்க மாதா கோயில் சாமியாரு லாரிக்குத் தீர்த்தந்தான் தெளிப்பாரு. அது பாட்டுக்குக் காஞ்சிரும். உங்க சாமிதான் கெட்டியான சாமி!"

"சிரிடா, சிரி" என்றார் சோலைமலை. சட்டையில் பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஓட்டையைக் குத்தி ஊதினார். சாமி குற்றமா, தன் குற்றமா என்று யோசிக்க இப்போது நேரமில்லை.

எழுந்து போகையில் சிறில் குரலைத் தாழ்த்தினான். "துரை கேட்டா பிளக்கு கோளாறுன்னு சொல்லிருங்க. சந்தனம்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

கயிற்றை இழுத்தார். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. மிஷின் நிற்கவில்லை. இப்போது நிற்க முடியாதவர் சோலைமலைதான். ஒரு கோடு போய், திரும்பி, இன்னொரு கோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் சுள்ளென்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. பிளக்கு என்று சொல்வதா, சந்தனம் என்று சொல்வதா என்பது ஒவ்வொரு கோட்டுக்கும் மாறிக்கொண்டே வந்தது. பொய் சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். உண்மையைச் சொன்னால், இவனிடம் மிஷினைக் கொடுத்ததே தப்பு என்பார் துரை.

கடைசிக் கோட்டில் முதல் தூறல் விழுந்தது. துரை குடையோடு வெளியே வந்தார். சோலைமலை மிஷினை அணைத்துவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

துரை மிஷினைப் பார்க்கவே இல்லை. புல்தரையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பூப்பாத்தி ஓரத்தில் கத்தி எட்டாமல் நின்ற புல்லைக் குடை நுனியால் தட்டிக் காட்டினார்.

"இது என்ன?"

"மிஷின் அங்க போகாதுங்க துரை. கையாலதான் வெட்டணும்."

"சரி. திங்கக்கெழமை வெட்டு."

அவ்வளவுதான். குடை பங்களாவுக்குள் போய்விட்டது. சோலைமலை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை. அப்படியென்றால் திங்கட்கிழமையும் இங்கேதான்.

குதிக்க வேண்டும் போல இருந்திருக்கலாம். அவருக்கு உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் கத்தியில் ஒட்டிய ஈரப் புல்லை அப்படியே விட்டால் துருவேறும். மிஷினைச் சாமான் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், பெட்ரோல் குழாயை அடைத்து, பிளக்குக் கம்பியைக் கழற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்தார். வலது காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து, கத்தியில் ஒட்டியிருந்த பச்சைக் களியைக் குச்சியால் சுரண்டத் தொடங்கினார்.