எண்பத்தைந்தில் நின்ற எண்

உயிருள்ள ரத்தம் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. எழுந்து நடந்தால் ஒரு கணக்கு, இருமினால் ஒரு கணக்கு, பெண்டாட்டியோடு சண்டை போட்டால் இன்னொரு கணக்கு. மிஹாருவுக்கு இது நன்றாகத் தெரியும். கல்லூரியை விட்டு வந்த நாள் முதல் அவள் செய்வது அந்தக் கணக்கைச் சொல்லும் கருவி செய்கிற ஒரே வேலைதான். விரல் நுனியில் மாட்டுகிற சின்னக் கவ்வி. அதற்குள் இரண்டு விளக்குகள். ஒன்று சிவப்பு, மற்றது கண்ணுக்கே தெரியாத ஒளி. இரண்டும் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். நாடி துடிக்கத் துடிக்க எந்த ஒளியை ரத்தம் எவ்வளவு விழுங்குகிறது என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு சில்லு பார்த்துக்கொண்டிருக்கும். அதை வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஊசி வேண்டாம், ஒரு சொட்டு ரத்தமும் வேண்டாம்.

அப்படிப்பட்டவளுக்குத் தொமேசோவின் எண் அசையாமல் நிற்பதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது.

தொமேசோ வயதானவர். மலையைக் குடைந்து ரயிலுக்கு வழி போட்டவர். அந்தக் கல்தூசி நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. இப்போது வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமும் மூக்கில் குழாயுமாக இருக்கிறார். மிஹாருவின் புதுக் கவ்வியைப் பரீட்சைக்காகச் சில வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள்; அவர் வீடும் அதில் ஒன்று. கவ்வி காட்டுகிற எண் தானாகவே அலுவலகத்துக்கு வந்து சேரும். மருத்துவர் ஒரு கோடு கிழித்திருந்தார்: எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொமேசோவுக்கோ ஆஸ்பத்திரி என்றால் வேப்பங்காய். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அங்கேதான் போனார்கள். யாரும் வீடு திரும்பவில்லை.

இலையுதிர்காலம் முழுக்க எண்பத்தெட்டும் தொண்ணூறுமாக ஏறி இறங்கிய எண், பனி கொட்ட ஆரம்பித்ததும் எண்பத்தைந்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான்.

"அந்தப் பெருசு பிடிவாதக்காரரு, மிஹாரு. அவரு நம்பரும் அவரை மாதிரியே நகர மாட்டேங்குது," என்று சிரித்தார் பிரிவுத் தலைவர் அகுட்சு.

"சிரிக்காதீங்க சார். எண்பத்தைஞ்சு எந்த நம்பருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நாடி கிடைக்காமல் வெறும் இரைச்சல் மட்டும் கிடைத்தால் இரண்டு விளக்கின் ஒளியும் ஒரே மாதிரி ஆடும். அப்போது கணக்கு தானாகப் போய் நிற்கிற இடம் எண்பத்தைந்து. கருவிக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

"நாடி கிடைக்கலன்னா திரையில நம்பருக்குப் பதிலா வெறும் கோடுதானே வரணும்? அந்தக் காவலை நீதானே வச்ச? நம்ம அத்தனை பேரு விரலிலும் போட்டுப் பாத்தாச்சு. ஒருத்தர்கிட்டயும் தப்பு சொல்லலையே."

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் பற்கள் கிடுகிடுத்தன. வெளியே இடுப்பளவு பனி. உள்ளேயும் அதே குளிர். அறையைச் சூடாக்குகிற மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்து கிடந்தது.

"மன்னிச்சுக்கம்மா. அடுப்பு மூட்ட முடியாது," என்றாள் தொமேசோவின் மனைவி கினு. "ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. தள்ளி வைக்கலாம்னா, இருக்கிறதே இந்த ஒரு அறை."

"அவளுக்கு என்ன, என்னைத் திட்டித் திட்டியே சூடாயிடுவா," என்றார் தொமேசோ. கனத்த பஞ்சுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. "வாம்மா டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லீங்க ஐயா. கருவி செய்றவ."

"அப்ப உனக்குத்தான் கும்பிடு போடணும். எண்பத்தைஞ்சு! கோட்டு மேலயே நிக்கிறேன், கீழ விழ மாட்டேன்."

உதடு நீலம் பாரித்திருந்தது. மிஹாரு கவ்வியைச் சரிபார்க்க அவர் கையைப் பிடிக்கப் போனாள். கினு குறுக்கே வந்தாள்.

"இரும்மா, இரு. இப்படிச் சில்லிட்ட கையையா விருந்தாளிகிட்ட நீட்டுறது? வெக்கமாயில்ல உங்களுக்கு?"

சொல்லிக்கொண்டே கவ்வியைக் கழற்றிவிட்டு அவர் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். ஊதினாள். பிறகு தன் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

மிஹாரு அப்படியே நின்றுவிட்டாள்.

பரிசோதனை அறை கண்முன் வந்தது. அங்கேயும் இதே மரியாதைதான். ஒருவர் விரலை இன்னொருவர் தொட வேண்டிய வேலை. குளிர்ந்த கையை நீட்டினால் அடுத்தவருக்குச் சங்கடம். அதனால் எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கும், பிசைந்தால் சூடாகிற சின்னப் பொட்டலத்தை நன்றாகப் பிசைந்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். அவளும் அப்படித்தான். கருவியைச் சரிபார்ப்பதற்காக ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வந்த இளைஞர்களும் அப்படித்தான். சொல்லி யாரும் செய்ததில்லை; சிறுவயது முதல் வந்த பழக்கம். அவளுடைய கவ்வி சூடான விரலைத் தவிர வேறு விரலைப் பார்த்ததே இல்லை. பலவீனமான நாடிக்கு எங்கே காவல் வைப்பது என்று அந்த விரல்களை வைத்தே முடிவு செய்திருந்தாள். ஆனால் இதை மாட்டப் போகிறவர்களோ, நெருப்புப் பக்கமே போக முடியாதவர்கள்; சில்லிட்ட விரலில் நாடி மங்கிப்போகிறவர்கள்.

"இப்ப மாட்டு," என்றாள் கினு.

மாட்டினாள். எண்பத்தைந்து. சற்றுப் பொறுத்து எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு. எழுபத்திரண்டில் போய் நின்று, மூச்சுக்குத் தகுந்தாற்போல மேலும் கீழும் அசைந்தது. உயிருள்ள எண்.

பையிலிருந்து பழைய கருவியை எடுத்துக் காதுமடலில் பொருத்திப் பார்த்தாள். எழுபத்தொன்று.

"சூடு பண்ணினா இறங்குதா?" என்றார் தொமேசோ. "அப்ப என் கையைக் கொண்டுபோய்ப் பனியில புதைச்சிரு." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"ஐயா, இதுதான் நிஜம்."

"எண்பத்தைஞ்சு?"

"அது பொய். நான் செஞ்ச கருவி சொன்ன பொய். உங்க நாடி கிடைக்கலன்னு அது சொல்லியிருக்கணும். சொல்லல."

கினு வாயைப் பொத்திக்கொண்டாள். "தெனம் காலையில அந்த நம்பரைப் பாத்துட்டுத்தானே மத்த வேலையைப் பாத்தேன். உதடு நீலமா இருக்கேன்னு கேட்டா, நம்பரைக் காட்டுவாரு. நானும் வாயை மூடிக்குவேன்."

மிஹாரு மன்னிப்புக் கேட்டுத் தரையில் நெற்றி படக் குனிந்தாள்.

"எந்திரி," என்றார் தொமேசோ. "கேளு பொண்ணே. நீ வந்தே, டீ குடிச்சே, போயிட்டே. இன்னிக்கு நீ எதையும் பாக்கல. நான் இங்கயே இருந்துக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு," என்றாள் கினு. அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மிஹாரு மருத்துவரை அழைத்தாள். அவர் சொன்னபடி ஆக்சிஜனைக் கூட்டி வைத்துவிட்டு, ஆம்புலன்சுக்குச் சொன்னாள். அடுத்து அகுட்சு. அவரிடம் முழுவதும் சொல்லி முடித்தாள். "எல்லா வீட்டுக்கும் நானே பேசுறேன்," என்றார் அவர். குரலில் விளையாட்டு துளியும் இல்லை.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்த பிறகும் தொமேசோ அசையவில்லை. "நான் வரல. தூக்கிட்டுப் போறவன் தூக்கிப் பாக்கட்டும்."

தொலைபேசி அடித்தது. அகுட்சு. "மிஹாரு, மத்தவங்க எல்லாம் கையைச் சூடு பண்ணிட்டுப் பாத்துச் சொல்லிட்டாங்க, பயமில்ல. ஒரு வீட்டுல மட்டும் எடுக்க மாட்டேங்குறாங்க. நீ இருக்கிற இடத்துலேருந்து மலைக்கு அந்தப் பக்கம். நம்பர் எண்பத்தைஞ்சு."

அந்தக் குளிர் அறையில் எல்லோர் காதிலும் அது விழுந்தது.

"அங்கயும் அடுப்பு அணைஞ்சுதான் கெடக்கும், இல்ல?" என்றார் தொமேசோ, சுவரைப் பார்த்தபடியே.

"ஆமாங்க ஐயா."

"யாரு பாக்குறாங்க அவங்கள?"

"மருமக. அவங்களும் அந்த நம்பரை நம்பிட்டுத்தான் இருப்பாங்க."

"அப்ப இங்க என்ன பண்ற? போயேன்."

"நீங்க வண்டியில ஏறுங்க. அப்புறந்தான் போவேன்."

"பிடிவாதக்காரி."

மிஹாரு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தொமேசோ வெகுநேரம் மூச்சு வாங்கினார். வாழ்ந்த வீட்டின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்வேன்!

"கினு, என் கோட்டை எடு. அந்த நல்ல கோட்டு. கிழிஞ்சதைக் கொண்டாந்து மானத்தை வாங்காத."

படியிறங்கும்போது மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்குள் கினு அவர் கையை எடுத்து மறுபடியும் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். எண் இன்னும் கீழேதான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கதவு மூடியது.

மிஹாரு மலைப்பாதையில் வண்டியைத் திருப்பினாள். பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டே வந்தது. அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த மருமகள் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

"ஆபீஸ்காரங்களா? மாமனாருக்கு நம்பரு நல்லாத்தான் இருக்கு, எண்பத்தை..."

மிஹாரு அதைக் கேட்க நிற்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனாள். "முதல்ல அவரு கையைக் குடுங்க," என்றாள்.