தலைமாட்டு இடம்

“காய்ச்சல் அடிக்குது உனக்கு.”

“அடுப்புப் பக்கம் நிக்கிற. உன் கைதான் சுடுது.”

“முப்பது வருஷமா ரொட்டி சுடறேன். எது என் சூடு, எது அடுத்தவங்க சூடுன்னு தெரியாதா எனக்கு?”

“தெரியும், தெரியும். பெரிய வைத்தியரு. ஞாயித்துக்கிழமை வந்து படுத்துக்கறேன், போதுமா? மீன் சூப்பு வெச்சுக் குடு. வாழைக்காய் நிறையப் போடு.”

“சரி.”

அந்தச் ‘சரி’யை லிபார்தோவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மனைவி ஹெர்மிலாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஈர மணலில் இறங்கும்போதும் அது தொண்டையில்தான் நின்றது. புதன்கிழமை கிளம்பிப் போனவளைச் சனிக்கிழமை சாயங்காலம் படகில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஊர் மருந்தகத்தில் நர்ஸ் மட்டும்தான் இருந்தாள். மழை விடாததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் வரவில்லை. ஞாயிறு விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“அப்பா, மெதுவா. காலை ஊனி வைங்க” என்றாள் சூல்மா. பெட்டியின் அடுத்த மூலை அவள் தோளில் இருந்தது. பத்தொன்பது வயது. அழுது அழுது மூக்கு வீங்கியிருந்தது. அவளுக்குச் சுமக்கத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பின்னால் பெண்கள் அலபாவோ பாடிக்கொண்டே வந்தார்கள். செத்தவர்களைக் கரையேற்றும் பாட்டு. ஹெர்மிலாவின் சித்தி தெமில்தா அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். நேற்று ராத்திரி முழுக்க இதே பாட்டுதான். அதற்கு நடுவில் திமிங்கிலம் பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரர்கள் ஆறு பேரும் வரிசையாக வந்து, அழுது, காப்பி குடித்து, அவன் சுட்ட தேங்காய் ரொட்டியைத் தின்று, பாடுகிற பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர்களில் இங்கிரிட் என்பவள் ஏழு வருஷமாக வருகிறவள். அவள்தான் லிபார்தோவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைப்பேசியைக் காட்டினாள். அதில் ஹெர்மிலா படகின் முன்முனையில் நின்றுகொண்டிருந்தாள். திமிங்கிலம் மூச்சு விடுவதைப்போல் கன்னத்தை உப்பிக்கொண்டு, கையை மேலே விரித்து, “பூஃப்!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கம்பியில் கட்டிய ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, உதட்டில் விரல் வைத்து, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். அந்த முகத்தை லிபார்தோ பார்த்ததே இல்லை. வீட்டில் அவள் தூங்குவாள், துணி துவைப்பாள், திமிங்கில வால் படங்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பாள், அடுத்த குழுவுக்கு மூட்டை கட்டுவாள்.

“நல்லா இருக்கு” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். எழுந்துபோய், எரியாத அடுப்பைக் கம்பியால் கிளறினான்.

“உன் பொண்டாட்டி வாலைப் பாத்தே எந்தத் திமிங்கிலம்னு பேர் சொல்லுவா. வீட்டுக்கு வந்தா உப்பு டப்பா எங்கேன்னு கேப்பா” என்று தெமில்தா அப்போது சொன்னாள். அவனைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவனுக்கு அந்த டப்பாவை எடுத்துச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது.

கரையில் பெரிய படகு காத்திருந்தது. கல்லறை ஆற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம். இந்த ஊரில் செத்தவர் எல்லாரும் படகில்தான் போயாக வேண்டும். ஊரிலேயே பெரிய படகு பயணக் கம்பெனியுடையது. பக்கவாட்டில் நீல வாலும், அதன் கீழே ‘காலையில் ஆராய்ச்சி, மாலையில் அருவி’ என்ற எழுத்தும் இருந்தன. பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குக் காசு தருவதை நிறுத்திய பிறகு ஹெர்மிலா இவர்களோடு சேர்ந்தாள். “அவங்க ஊர் சுத்தறாங்க, என் மோட்டாருக்கு எண்ணெய் கிடைக்குது” என்பாள். காலையில் திமிங்கிலக் கணக்கு எடுப்பாள். மத்தியானம் அதே ஆட்களைக் காட்டு வழியாக அருவிக்கு நடத்திப்போவாள். காய்ச்சலோடும் நடத்திப்போயிருக்கிறாள்.

பெட்டியைப் படகின் நடுவில் இறக்கினார்கள். லிபார்தோ தொடை வரைக்கும் தண்ணீரில் நின்று அதன் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்தான்.

கம்பெனியின் எர்னான் பாண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். மெதெயின் நகரத்திலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான். “எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு சார். முதல்ல ஹெர்மிலா டாக்டருக்குப் பிடிச்ச இடத்துக்குப் போறோம். திமிங்கிலம் இருக்கற இடம். அங்க ரெண்டு நிமிஷம் மௌனம். அப்புறம் கல்லறை. பொண்ணு நேத்தே சரின்னுட்டாங்க.”

லிபார்தோ மகளைப் பார்த்தான்.

“அம்மாவுக்குப் பிடிக்கும்னு சொன்னேன்பா” என்றாள் சூல்மா.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். படகோட்டி கிறிசாந்தோ கை கொடுத்து ஏற்றிவிட்டான். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். இங்கிரிட் ஒரு சின்ன ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஹெர்மிலா பதிவு செய்த திமிங்கிலப் பாட்டைப் போடப்போகிறாளாம். பாடிக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“பெட்டி இருக்கறதால ஆறு பேருக்குமேல ஏத்தினா மணல் திட்டு தாண்டாது சார்” என்றான் எர்னான். “நீங்களும் பொண்ணும் சின்னப் படகுல பின்னாடியே வந்துடுங்க. நாங்க மெதுவாத்தான் போவோம்.”

கிறிசாந்தோ மோட்டாரைத் தொடாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்பிள்ளை” என்றாள் தெமில்தா, கரையிலிருந்து. “தலைமாட்டுல வீட்டு ஆள் கை வைக்காம பெட்டி போகக்கூடாது. இந்த நகரத்தானுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?”

தெரியும். அவனுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவன்தான் கை வைத்தான். தொட்டுக்கொண்டிருக்காவிட்டால் போகிறவர் பாதி வழியில் அலையில் இறங்கிவிடுவார் என்பார்கள்.

“நீ சொல்லித்தான் அவ போனாளா?” என்று எர்னானைக் கேட்டான் லிபார்தோ. குரல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

“சார்?”

“காய்ச்சல்னு உனக்குப் போன் பண்ணியிருக்கா. கிறிசாந்தோ சொன்னான். நீ என்னடா சொன்னே?”

“ஆள் மாத்த முடியாத நேரம் சார். ரெண்டு நாள் சமாளிங்கன்னு சொன்னேன். அவங்களும் சரின்னாங்க.”

“அவ சரின்னுதான் சொல்லுவா! கால் உடைஞ்சாலும் சரிம்பா! சனிக்கிழமை கண்ணைத் திறக்க முடியாம கிடந்தவ, நாளைக்குக் குழுவை யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டா. என்னைக் கேக்கலடா. குழுவைக் கேட்டா! அவளை அருவிக்கு நடக்க விட்டீங்களே, ஒருத்தனுக்குக்கூடவா கண்ணு இல்லை?”

“அப்பா, போதும்” என்று சூல்மா அவன் சட்டையைப் பிடித்தாள்.

எர்னான் வெளுத்துப்போயிருந்தான். ஆனாலும் சொன்னான்: “புதன்கிழமை உங்க வீட்டுல இருந்துதானே சார் கிளம்பினாங்க?”

தண்ணீர் வந்து படகைத் தூக்கி இறக்கியது. பெட்டி லேசாக நகர்ந்தது. லிபார்தோ கையால் அழுத்திப் பிடித்தான்.

ஒரே ஒரு முறை அவள் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். சூல்மா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். “நாளைக்குப் படகுல ஒரு இடம் காலியா இருக்கு, வா” என்றாள். அவன் அடுப்பை அணைத்தான். ரொட்டி கிடையாது என்று ஊருக்கே சொன்னான். சட்டைக்கு இஸ்திரி போட்டு, விடிவதற்கு முன்பே இதே கரையில் வந்து நின்றான். அப்போது பொகோத்தாவிலிருந்து ஒருவன் பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். பணம் கட்டியவனாம், விமானம் தாமதமாம். ஹெர்மிலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவரு போகட்டும், நான் அடுத்த தடவை வரேன்” என்று லிபார்தோதான் சொன்னான். அவளும் “இல்லை, இவர்தான் வரார்” என்று சொல்லவில்லை. நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. அவனும் கேட்கவில்லை. “திமிங்கிலத்தை ஜெர்மனிக்காரன் பாத்துட்டான், ஜப்பான்காரன் பாத்துட்டான், ரொட்டிக்காரன் பாக்கல” என்று டொமினோ ஆடுகிறவர்கள் கிண்டல் செய்தபோது, தனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டான். பிறகு அதையே ஊரும் நம்பியது. ஹெர்மிலாவும் நம்பியிருப்பாளோ என்னவோ.

“அண்ணே, தண்ணி வத்த ஆரம்பிக்குது” என்றான் கிறிசாந்தோ தயங்கி. “இப்பப் போகலேன்னா திட்டு தாண்ட முடியாது.”

“பிடியை விடுங்க சார், ப்ளீஸ்” என்றான் எர்னான். “பின்னாடியே வந்துடலாம்.”

இங்கிரிட்டுக்குப் பேச்சு புரியவில்லை. அழுத கண்ணோடு லிபார்தோவைப் பார்த்து, ஆறுதலாக அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஒலிபெருக்கியில் எதையோ அழுத்தினாள். நீளமாக, அடித்தொண்டையில், மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. அதற்கு அடியில், மிகவும் தூரத்தில், ஹெர்மிலா யாரையோ “ஷ்ஷ்” என்று அடக்கினாள்.

லிபார்தோ இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எர்னான் பக்கம் திரும்பவில்லை. இங்கிரிட்டையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் பேசினான். ஆனால் கரையிலிருந்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கிற அளவுக்கு உரக்கப் பேசினான்.

“ஹெர்மிலா, இந்தப் படகுல எனக்கு ஒரு இடம் வேணும்.”